டிராக்டருக்கு அளவெடுத்த மாமனார்

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மனைவியும் சௌக்கியம். டிராக்டரும் சௌக்கியம். டிராக்டரின் சௌக்கியத்தைத் தனியாக ஏன் எழுதுகிறேன் என்பது போகப்போகத் தெரியும். வேலைக்குப் போன ஊரில் தாங்கள் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, இந்தக் கடிதத்தை உட்கார்ந்தபடி படிக்கவும்.

காலஞ்சென்ற சம்பந்தியின் குட்டி டிராக்டர் கொட்டகையில் சும்மா கிடக்கிறதே, விற்றுவிடலாம் என்று தாங்கள் முடிவெடுத்ததும், பழத்தோட்டக்காரர் ஒருவர், "பின்னாடி டயர் ரெண்டும் புதுசாப் போட்டுக் குடுத்தா எடுத்துக்கறேன்" என்று சொன்னதும், அந்தப் பொறுப்பைத் தாங்கள் என் தலையில் வைத்ததும் நடந்த கதை. "அளவு மட்டும் சரியாப் பாத்து வாங்குங்க மாமா" என்று தாங்கள் போனில் சொன்னபோது எனக்கு உள்ளூரச் சிரிப்பு. ஆயுசு முழுக்கத் தையல் கடை வைத்திருந்தவனிடம் அளவைப் பற்றிச் சொல்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பை இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

டயரின் பக்கவாட்டிலேயே அளவு எழுதியிருக்கும் என்றார்கள். அங்கே மண்ணும் கிரீஸும் கெட்டிப்பட்டு அப்பிக் கிடந்தன. எழுத்து எதற்கு, நம்மிடம்தான் டேப் இருக்கிறதே என்று கழுத்தில் தொங்கியதை எடுத்து, சக்கரத்தின் இரும்பு வளையத்தில் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு வரை பிடித்தேன். இருபத்தாறு அங்குலம். எந்த அளவெடுத்தாலும் தாராளத்துக்கு இரண்டு அங்குலம் சேர்ப்பது என் வழக்கம்; அதனால்தான் என்னிடம் தைத்தவர்கள் சாப்பிட்ட பிறகும் மூச்சுவிட முடிந்தது. ஆக, இருபத்தெட்டு. டயர் கடைக்காரர் எதைச் சொன்னாலும் "ஆகட்டும் ஐயா" என்கிற மனிதர். நானும் உங்கள் மனைவியும் அவருக்கு ஆகட்டும் என்றே பெயர் வைத்துவிட்டோம். ஆகட்டும் இரண்டு டயரையும் வண்டியில் ஏற்றி வந்து, கம்பிகளை விட்டு நெம்பி, வியர்க்க விறுவிறுக்கப் பழையதில் ஒன்றைக் கழற்றிப் புதியதை மாட்டினார். மாட்டினார் என்றா சொன்னேன்? அது சக்கரத்தைப் பிடிக்காமலே அதன்மேல் தொங்கியது. உங்கள் மனைவி சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, "என்னப்பா, அண்ணன் சட்டையத் தம்பிக்குப் போட்டு விட்ட மாதிரி இருக்கு?" என்றாள்.

"ஏங்க, பெருசா இருக்கும்னு நீங்களாவது சொல்லக் கூடாதா?" என்று ஆகட்டுமைக் கேட்டேன்.

"நீங்க இருபத்தெட்டுன்னீங்க. நான் ஆகட்டும்னேன்."

அவர் டயரோடு திரும்பிப் போனபின் வெறும் வளையத்தைக் கையால் தடவிப் பார்த்தேன். விளிம்புக்கு உள்ளே தாழ்வாக ஒரு படி இருக்கிறது. டயரின் உதடு உட்காருவது அந்தப் படியில்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது: நான் கழுத்தை அளக்காமல் காலரின் நுனியை அளந்திருக்கிறேன்! படியில் வைத்து அளந்தால் இருபத்துநான்கு. தாராளம் கீராளம் எதுவும் கூடாது, டயர் இறுக்கிப் பிடித்தால்தான் வண்டி ஓடும்.

விஷயம் முடிந்தது என்று நினைத்தால், "அகலம் எவ்வளவு போடட்டும்?" என்றார் ஆகட்டும். பழைய டயரை அளந்தேன், எட்டு அங்குலம் வந்தது. அது தேய்ந்துபோன டயர். துவைத்துச் சுருங்கிய துணியை வைத்து அடுத்த சட்டை தைப்பேனா? அதனால் பதினொன்று என்று சொன்னேன். ஆகட்டும் என்றார். இந்தத் தடவை நான் புத்திசாலி, மறுபக்கம் பழைய டயரே இருக்கட்டும் என்று முதலில் ஒரு பக்கம் மட்டும் ட்ரையல் போட்டுப் பார்த்தேன். வண்டி மறுபக்கம் சாய்ந்து, யாரோ சொல்லும் ரகசியத்தைக் காது கொடுத்துக் கேட்கிற மாதிரி நின்றது. சீட்டில் உட்கார்ந்திருந்த நான் வழுக்கி ஓரத்துக்கு வந்துவிட்டேன். கொஞ்சம் நகர்த்தியதுமே டயர் மட்காடில் உரசி, துணி கிழிகிற சத்தம் கேட்டது. உலகத்தில் எனக்கு ஆகவே ஆகாத சத்தம் அது. உங்கள் மனைவி ஓடிவந்து, "இந்த இரும்ப என்னைக்குத்தான் வெளிய தள்ளுவீங்க? கொட்டகை காலியானா துணியாவது காயப்போடலாம்" என்று சத்தம் போட்டாள். போட்ட கையோடு பாத்திரம் தேய்க்கும் பிரஷைக் கொண்டுவந்து, கழற்றிப் போட்ட பழைய டயரைப் பரபரவென்று தேய்த்தாள். மண்ணுக்கடியிலிருந்து எழுத்து எழுந்து வந்தது: 8-24. முதல் நாளே அவள் இதைச் செய்திருக்கலாம். நானும் செய்திருக்கலாம்.

கடைக்குப் போய் "எட்டு, இருபத்துநாலு" என்றேன் கம்பீரமாக. ஆகட்டும் முதல் தடவையாக ஆகட்டும் சொல்லவில்லை.

"எட்டு இப்ப வர்றதில்லையே ஐயா. எட்டு புள்ளி மூணுதான்."

"அந்தப் புள்ளி மூணு யார் வெச்ச தாராளம்?"

"பேரத்தான் மாத்திட்டாங்க, அளவு அதேதான். உங்க பழைய எட்டுக்கு இப்பப் பேரு எட்டு புள்ளி மூணு."

இரண்டு தடவை பட்டவன் அவ்வளவு லேசில் நம்புவேனா? கடையிலேயே உட்கார்ந்து, டேப்பைப் பிடித்து உதட்டிலிருந்து உதடு வரை, பக்கத்திலிருந்து பக்கம் வரை, மூன்று முறை அளந்தேன். வந்த வாடிக்கையாளர்கள் டயருக்குச் சட்டை தைக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். சரியாக இருந்தது. கொண்டுவந்து மாட்டினோம். மாப்பிள்ளை, என்னவென்று சொல்வேன்! காற்று ஏற ஏற டயர் படக் படக்கென்று படியில் போய் உட்கார்ந்தது. மட்காடுக்கும் டயருக்கும் நடுவே என் உள்ளங்கை போய் வருகிறது. வண்டி நேராக, நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறது. கல்யாணப் பேண்ட் தைத்துக் கொடுத்தபோதுகூட நான் இப்படிச் சுற்றிச்சுற்றி வந்து பார்த்ததில்லை. பழத்தோட்டக்காரர் எப்போது வேண்டுமானாலும் வந்து தாராளமாக ஓட்டிக்கொண்டு போகலாம்.

தாங்கள் போகிற பாதையெல்லாம் சமமாக இருக்கட்டும், ஏறுகிற வண்டியெல்லாம் பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும் என்று மனதார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மீது என்றும் பிரியமுள்ள மாமனார்.

பின்குறிப்பு: பழத்தோட்டக்காரர் ஓட்டிக்கொண்டு போகலாம் என்று மேலே எழுதியதைத் தயவுசெய்து படிக்காதது போல விட்டுவிடவும். உறையில் விலாசம் எழுதும்போதே மனிதர் வந்துவிட்டார். டயரைக் காலால் தட்டிப் பார்த்துத் திருப்தியாகி, ஒரு தடவை ஓட்டிக் காட்டச் சொன்னார். நான் ஏறப் போனேன். "தள்ளுங்கப்பா, நான் காட்டறேன்" என்று உங்கள் மனைவி ஏறிவிட்டாள். அவளுக்கு ஓட்டத் தெரியும் என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். தங்களுக்குத் தெரியுமா? வீட்டுக்குப் பின்னால் இருக்கிற நிலத்தில் ஒரு சுற்று வந்தாள். அவர் போதும் என்று கையைக் காட்டினார். அவளும் சிரித்துக்கொண்டே கையைக் காட்டிவிட்டு அடுத்த சுற்றுக்குப் போய்விட்டாள். இப்போது எத்தனையாவது சுற்று என்று தெரியவில்லை. அவருக்கு இரண்டாவது டீயும் கொடுத்தாகிவிட்டது. சின்னப் பிள்ளையில், வேறு யாருக்கோ தைத்து வைத்த கவுனைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்ற மாட்டேன் என்று கடையைச் சுற்றி ஓடினாளே, அதே முகம். அன்றைக்கே அவளைக் கழற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆகவே மாப்பிள்ளை, பழத்தோட்டக்காரரிடம் தாங்களே போன் செய்து ஏதாவது நல்லபடியாகச் சொல்லி அனுப்பிவைக்கவும். பாவம், வெயிலில் நிற்கிறார்.