முடிச்சு மட்டும் போடாதீங்க, மிஸ்ஸி

கயல், முகில், கேளுங்கள்! பிரசவ அறையில் வேலையே இல்லாத ஆள் ஒருவர்தான்: அப்பா. டாக்டருக்கு வேலை, மிஸ்ஸிக்கு, அதாவது நர்ஸுக்கு, வேலை, அம்மாவுக்கோ சொல்லவே வேண்டாம். அப்பா மட்டும் கதவுக்கும் ஜன்னலுக்கும் நடப்பார். கயல் பிறந்த அன்று நானும் நடந்தேன். (நடந்த நடைக்குப் பக்கத்து ஊர் செமோரே வந்திருக்கும்.)

ஈப்போவில் ஒரு சின்ன மகப்பேறு இல்லம். அம்மாவுக்கு டூலா ஒருவரை வைத்திருந்தோம். டூலா என்றால் பிள்ளை பிறக்கும்வரை தாயின் பக்கத்திலேயே இருந்து, இடுப்பைப் பிடித்துவிட்டுத் தைரியம் சொல்பவர். எங்கள் டூலா மே அக்கா சீனர். ரப்பர் தோட்டத்தில் தமிழர்களோடு வளர்ந்ததால் தமிழை நம்மைவிட வேகமாகப் பேசுவார். முன்கூட்டியே கேட்டிருந்தார்:

"ஒங்க வீட்டு வழக்கம் என்ன? வெக்கப்படாம சொல்லுங்க லா. முடிஞ்சத செய்வோம்."

"வலி கண்டா எங்க வீட்டுல முடிச்செல்லாம் அவுத்துருவாங்க. அப்பதான் பிள்ளைக்கு வழி விடுமாம்" என்றாள் அம்மா.

அன்று மே அக்கா தாமே அம்மாவின் கூந்தலை அவிழ்த்து, கவுன் நாடாவையும் தளர்த்தினார். பிறகு என் நடையைப் பார்த்துத் தலை சுற்றியதோ என்னவோ, "மிச்ச முடிச்செல்லாம் ஒன் பொறுப்பு, ராஜா" என்றார்.

மதியமாகியும் நீ இறங்கவில்லை, கயல். இன்னும் கொஞ்சம் பார்ப்போம், இல்லையென்றால் ஆப்பரேஷன் என்று சொல்லிவிட்டார் டாக்டர். அம்மா என் கையைப் பிடித்தாள். "எங்கயும் போயிராதீங்க. பிள்ளைய மொதல்ல நீங்கதான் பாக்கணும்."

அதற்குமேல் சும்மா நிற்க முடியுமா? திரைச்சீலைக் கயிறு, துணிப்பை, என் காலிலிருந்த சப்பாத்துக் கயிறு எல்லாவற்றையும் அவிழ்த்தேன். மேசையில் எல்லாருக்கும் வாங்கி வைத்திருந்த தேத்தண்ணி, பிளாஸ்டிக் பைகளில் ரஃபியா கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. விடுவேனா! அவிழ்த்தால் தேத்தண்ணி எங்கே போகும் என்று மட்டும் யோசிக்கவில்லை. தரையெல்லாம் தேத்தண்ணி. என் சப்பாத்துக் கயிற்றை நானே மிதித்து, வழுக்கி, கட்டில் கம்பியில் தாடையைக் கிழித்துக்கொண்டேன்.

"அய்யோ ராஜா! முடிச்சதானே அவுக்க சொன்னேன், தாடைய யாரு அவுக்க சொன்னா?" என்றார் மே அக்கா. அம்மா வலியிலும் சிரித்தாள்.

என்னைப் பக்கத்து அறைக்கு இழுத்துப் போய் மரத்துப்போக ஊசி போட்டார் மிஸ்ஸி. நூலை இழுத்து இரண்டு நுனியையும் சேர்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

"மிஸ்ஸி, முடிச்சு மட்டும் போடாதீங்க! என் பொஞ்சாதிக்கு இன்னும் பிள்ள பொறக்கல!"

"முடிச்சு போடாட்டி இது தையல் இல்ல அண்ணே. தொங்கல்."

"தொங்கட்டும் லா!"

பாவம், தூண்டிலில் மீன் பிடிப்பவர் மாதிரி நூலைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் மே அக்காவின் குரல்: "அப்படித்தான் ம்மா, இன்னும் கொஞ்சம்..." பிறகு அம்மாவின் சத்தம். பிறகு உன் அழுகை.

"இப்ப போடலாமா அண்ணே?"

தலையை ஆட்டினேன். கண்ணீர் தாடைக்கு ஓடி, அவர் அதையும் துடைக்க வேண்டியதாயிற்று.

ஆப்பரேஷன் இல்லாமலேயே பிறந்துவிட்டாய். நான் போவதற்குள் எல்லாரும் உன்னைப் பார்த்தாயிற்று, தேத்தண்ணி துடைக்க வந்த துப்புரவுக்கார அக்கா உட்பட. இன்றும் நம் சொந்தத்தில் யாருக்காவது வலி கண்டால் முதல் போன் வருவது இதற்குத்தான்: "ராஜாவ கட்டிப் போடுங்க!"

சாயங்காலம் வீட்டிலிருந்து துணி எடுத்து வரக் கிளம்பினேன். காரில் ஏறிக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டேன். உன் பெயர் எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் அப்போது தெரியும். யாரும் உன்னை இன்னும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. மரத்த தாடையோடு கூப்பிட்டுப் பார்த்தேன். "கய" வந்தது, மீதி வரவில்லை. சரியாக வரும்வரை கூப்பிட்டுவிட்டு, காரை எடுத்தேன்.