மன்னர் கண்ணில் நீர் வருகிறது

பாலமே இல்லாத நாடு ஒன்று இருந்தது. பெயர் நீர்மங்கலம். பாலம் கட்டினால் படகுக்காரர்களின் பிழைப்பு கெட்டுவிடுமே என்று அந்நாட்டு அரசு கவலைப்பட்டது. அந்தக் கவலை நூறு ஆண்டுகளாகக் குறையவில்லை, ஆகவே பாலமும் வரவில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்களே கூடி ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். மறுநாளிலிருந்து அவர் மன்னர், இவர்கள் குடிகள்.

இந்த முறை மன்னரானவர் வெற்றிச்சுடர். அவருக்கு முன் ஆண்ட கீர்த்திமாறர் கொடுத்த படகுப் பலகையெல்லாம் இத்துப்போய்விட்டது என்று ஊர் ஊராகச் சொல்லித்தான் அவர் ஜெயித்தார். "என் ஆட்சியில் ஒவ்வொரு படகுக்கும் புதுத் தளம். ஏழாண்டு உத்தரவாதம்!" என்றார். சொன்னபடியே செய்தார். நாலு வருஷம் சும்மா இருந்துவிட்டு, அடுத்த தேர்தலுக்கு எட்டு மாதம் இருக்கும்போது செய்தார்.

நீர்மங்கலத்துப் படகுகள் தட்டை அடிப் படகுகள். மிதிக்கிற பலகைக்குக் கீழே நேராக ஆறுதான். கீழத்துறையில் ஓடம் விடும் குருவம்மாவின் பழைய நடுப்பலகையையும் பிடுங்கிக்கொண்டு போனார்கள், சில நாளில் புதியது வந்து இறங்கியது. நல்ல அகலம். அடிப்பக்கம் பூராவும் தண்ணீர் ஊறாமலிருக்கக் கறுப்பாகக் கீல் பூசியிருந்தது. மேல்பக்கம் பூராவும் மன்னர் வெற்றிச்சுடரின் முகம் வரைந்திருந்தது.

பலகையை அடித்துப் பொருத்திவிட்டு ஆட்கள் போனதும், தண்ணீர் இறைக்கக் கூட வரும் நாத்தனார் பிச்சம்மாள் படகுக்குள் காலை வைக்கப் போனாள். தூக்கிய கால் அப்படியே நின்றது.

"மதினி, மூஞ்சியில மிதிக்கணுமே?"

"மிதிக்காம எப்படி ஏறுவ?"

அதற்கும் அரசு வழி செய்திருந்தது. முதலாவது ஆணை அன்று மாலையே வந்தது. மன்னர் முகத்தில் கால் படக்கூடாது. பயணிகள் விளிம்பில் உட்கார்ந்து, காலைத் தூக்கி எதிர் விளிம்பில் வைத்துக்கொள்ள வேண்டும். அதன்பின் ஆற்றைக் கடந்தவர்கள் எல்லாம் கவிழ்த்த நண்டு மாதிரி போனார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள்.

இரண்டாம் மாதம் பலகை ஒழுகியது.

குருவம்மா உத்தரவாதச் சீட்டை மடியில் முடிந்துகொண்டு தள உத்தரவாத அலுவலகத்துக்குப் போனாள். அங்கே மேதகு நன்னெறியார் என்ற அதிகாரி இருந்தார். சீட்டை இரண்டு முறை படித்துவிட்டு அன்பாகவே கேட்டார்.

"என்ன குறை, அம்மா?"

"பலகை ஒழுகுதுங்க ஐயா. சீட்டுல போட்டிருக்கு, இத்தா மாத்தித் தருவோம்னு."

"தருவோம். எந்த இடத்தில் ஒழுகுகிறது?"

"எடது கண்ணுலங்க."

நன்னெறியாரின் எழுதுகோல் நின்றது.

"மன்னரின் இடது கண் இற்றுப்போய்விட்டது என்று என்னை எழுதச் சொல்கிறாயா?"

"ஐயோ, கண்ணு இல்லங்க. பலகை."

"பலகையில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது?"

"கண்ணு."

"பின்னே?"

குருவம்மா யோசித்துப் பார்த்தாள். அவர் சொல்வதும் சரியாகத்தான் இருந்தது. தான் சொன்னதும் சரியாகத்தான் இருந்தது.

"ஓட்டைன்னு எழுத வேண்டாங்க. தண்ணி வருதுன்னு எழுதுங்க."

"எங்கிருந்து?"

"கண்ணுலருந்து."

"இதோ, இப்போது வழிக்கு வந்தாய்," என்ற நன்னெறியார் எழுதி, சத்தமாகப் படித்தார். "கீழத்துறைப் படகில், மன்னர் கண்ணில் நீர் வருகிறது. உண்மைதானே?"

"சத்தியமான உண்மைங்க."

கைநாட்டு வைத்துவிட்டு வந்தாள்.

எட்டாம் நாள் துறையில் மேளச் சத்தம் கேட்டது. பலகை வந்துவிட்டது என்று குருவம்மா ஓடினாள். பலகை வரவில்லை, மாலை வந்திருந்தது. தமுக்கு அடிப்பவன் தொண்டை கிழியக் கத்தினான்: "குடிகளின் துயர் பொறுக்காமல் மாமன்னர் கீழத்துறைப் படகிலே கண்ணீர் வடிக்கிறார்! காண வாரீர்!"

கூட்டம் வந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொப்புளித்து வருவதைப் பார்த்துச் சிலர் தாங்களும் அழுதார்கள். ஒரு கிழவர் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஆத்துத் தண்ணி மாதிரியே இருக்கே," என்றார். அவரை அப்புறப்படுத்தினார்கள்.

குருவம்மா பிச்சம்மாளிடம் கேட்டாள். "நான் என்னத்தக் கேட்டேன், இவங்க என்னத்தக் குடுத்திருக்காங்க?"

"மாலை நல்லாத்தான் இருக்கு மதினி. ஓட்டையில வச்சு அடைச்சிருவமா?"

அடைக்க முடியவில்லை. இரண்டாவது ஆணை வந்துவிட்டது. மன்னர் கண்ணீரைக் கண்ட தகரத்தால் இறைத்து ஆற்றில் கொட்டுவது குற்றம். அரசு முத்திரை போட்ட செம்பில் ஏந்தி, கண்ணீர்க் காப்பாளர் கையெழுத்துப் போட்ட பிறகே கொட்ட வேண்டும். அந்தக் காப்பாளரையும் படகிலேயே உட்காரவைத்தார்கள். நல்ல கனத்த மனிதர், முக்காலியோடு வந்தார். அவர் ஏறியதும் படகு ஒரு சாண் இறங்கியது. மன்னர் முன்னிலும் அதிகமாக அழுதார். எட்டுப் பேர் ஏறுகிற படகில் இப்போது மூன்று பேர்தான் ஏற முடிந்தது.

மூன்றாவது ஆணை மற்றப் படகுக்காரர்களுக்கு. சில படகுகளில் மன்னர் அழாமல் இருப்பதாகத் தெரிய வருகிறது, அந்தப் படகுக்காரர்களுக்கு அவர்மீது அன்பில்லையோ என்று அரசு வருத்தத்துடன் ஐயுறுகிறது என்று அதில் இருந்தது.

மறுநாள் பிச்சம்மாள் செய்தியோடு வந்தாள். "மதினி, மேலத்துறை செல்லக்கண்ணு துளைப்பான் வச்சு ஓட்டை போட்டுட்டான்."

"நல்ல பலகையிலயா?"

"ரெண்டு கண்ணுலயும். ஒத்தக் கண்ணுல அழுதா பாதி அன்புன்னு சொல்லிருவாங்களாம்."

இப்படியாக நீர்மங்கலத்தில் ஒழுகாத படகே இல்லாமல் போயிற்று. இதெல்லாம் குருவம்மாவுக்கு எப்படியோ போகட்டும். அவள் கவலை அக்கரையில் இருந்தது.

அக்கரையில்தான் மகள் வடிவைக் கட்டிக்கொடுத்திருந்தாள். தலைப்பிரசவம், ஒன்பதாம் மாதம். ஐப்பசி வெள்ளம் வருமுன் தாய் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். வெள்ளம் வந்தால் ஒரு மாதம் ஓடம் கிடையாது, மருத்துவச்சி இருப்பதோ இக்கரையில்தான். இந்தப் படகில் எப்படி அழைத்து வருவது? விளிம்பில் உட்கார்ந்து காலைத் தூக்கிக்கொள்ள நிறைமாதக்காரியால் முடியுமா?

மறுபடியும் நன்னெறியாரிடம் போனாள்.

"பிள்ளத்தாச்சிங்க ஐயா. ஒரே ஒரு நாளு, காலைக் கீழ வச்சுக்க அனுமதி குடுங்க."

நன்னெறியார் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். வெகுநேரம் புரட்டினார். "இடமிருக்கிறது. முதியவர்களும் முடியாதவர்களும் இரண்டு கால் வரை வைத்துக்கொள்ள விண்ணப்பிக்கலாம். ஆனால் உன் மகளுக்கு நான்கு கால்."

"நாலா?"

"வயிற்றில் இருப்பதற்குக் கால் இல்லையா?"

"அது வயித்துக்குள்ளல்ல இருக்கு!"

"படகுக்குள்தானே இருக்கும்?"

குருவம்மா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். நான்குதான் வந்தது. எழுந்து வந்துவிட்டாள்.

தேர்தல் வந்தது. கண்ணீர்க் காப்பாளர்களையெல்லாம் தேர்தல் வேலைக்கு அழைத்துக்கொண்டார்கள். ஆள் இல்லாத சமயம் பார்த்துக் குருவம்மாவும் பிச்சம்மாளும் படகைக் கரைக்கு இழுத்துக் கவிழ்த்துப் போட்டார்கள். மேலே தொட்டால்தானே குற்றம்? அடிப்பக்கமாகக் கீலைச் சுரண்டி, ஓட்டையை அடைத்துவிடலாம் என்பது குருவம்மாவின் எண்ணம். ஓட்டை இருந்த இடத்தைச் சுற்றி அரிவாளால் சுரண்டினாள்.

கீலுக்கு அடியிலிருந்து ஒரு கண் அவளைப் பார்த்தது.

"ஏ பிச்சம்மா! இங்கயும் ஒரு கண்ணு!"

"அந்தக் கண்ணுதான் இந்தப் பக்கம் ஊறி வந்திருக்குமோ?"

இன்னும் சுரண்டினார்கள். மூக்கு வந்தது, மீசை வந்தது. வெற்றிச்சுடருக்கு மீசை கிடையாது. பிச்சம்மாள் இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தாள்.

"மதினி... இது கீர்த்திமாறருல்லா? பழைய மன்னரு!"

புதுப் பலகை என்று வந்தது, இத்துப்போனது என்று சொல்லிப் பிடுங்கிக்கொண்டு போன அதே பழைய பலகை. கீர்த்திமாறர் காலத்தில் முகம் ஆற்றுப் பக்கம் இருந்தது, யாரும் மிதிக்கவில்லை; அதன்மேல் கீல் பூசி, மறுபக்கம் புதுப் படம் வரைந்திருக்கிறார்கள். குருவம்மா பலகையைப் பெயர்த்தெடுத்துச் சாக்கில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள்.

நன்னெறியார் சாக்கை விலக்கிப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இதை யார் யார் பார்த்தார்கள்?"

"நானும் நாத்தனாவும். அப்புறம் அவரு எங்களப் பாத்தாரு."

"சரி. உனக்கு மட்டும் சொல்கிறேன்," என்று குரலைத் தாழ்த்தினார். அந்த வாரம் எத்தனையோ படகுக்காரர்களுக்கு அவர் இப்படி 'உனக்கு மட்டும்' சொல்லியிருந்தார். "கீர்த்திமாறர் மறுபடி நிற்கிறார், தெரியுமா? எல்லாப் படகுக்கும் புதுத் தளம் என்று சொல்லியிருக்கிறார். அவர் ஜெயித்தால் பலகையைத் திருப்பிப் போட்டுக்கொள். அன்றிலிருந்து உனக்குப் புது உத்தரவாதம், ஏழாண்டு."

"ஜெயிக்கலன்னா?"

"திருப்பாதே."

"ஐயா, அந்த ஓட்டை?"

"ஓட்டை இரண்டு பக்கமும் ஒரே இடத்தில்தானே இருக்கிறது?"

"ஆமாங்க."

"அப்படியானால் அது யாருடைய குறையும் இல்லை," என்று சொல்லி, அவர் சீட்டில் முத்திரை குத்திக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து பலகையை வாசலில் சாத்தி வைத்துவிட்டு, குருவம்மா அதன் எதிரில் உட்கார்ந்தாள். எந்தப் பக்கம் வைத்தாலும் முகம், எந்தப் பக்கம் வைத்தாலும் ஓட்டை. அண்ணாந்து பார்த்தாள். மேற்கே மேகம் கறுத்திருந்தது. எழுந்தாள். அடுக்களைக் கதவைக் கழற்றினாள்.

"மதினி! கோட்டி பிடிச்சிருச்சா? நாய் உள்ள போயிரும்!"

"போகட்டும். சட்டியில என்ன இருக்கு, அது போய்த் திங்க?"

கதவின் ஓரத்தை அறுத்து அளவுக்குக் கொண்டுவந்தாள். படகில் பொருத்தி, இடுக்கில் கயிறு திணித்து, கொண்டி இருந்த துளையில் மரத்துண்டை அடித்துக் கீல் பூசினாள். காலையில் அக்கரைக்குத் துடுப்புப் போட்டார்கள்.

வடிவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு துறைக்கு வந்தாள். படகில் ஏறக் காலைத் தூக்கியவள் கீழே பார்த்துத் தயங்கினாள்.

"அம்மா, இது யாரு?"

"யாருமில்லடி. நம்ம அடுக்களைக் கதவு."

"யாருமில்லாததுல எப்படிம்மா காலு வைக்கிறது? யாராச்சும் கேட்டா?"

"வை சொல்றேன்."

வடிவு முதலில் பெருவிரலை வைத்தாள். பிறகு பாதத்தை வைத்தாள். தளத்தில் மெல்ல உட்கார்ந்தாள். ஆனால் காலை மடக்கிப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

நடு ஆற்றில் வரும்போது இரு கரையிலும் ஒரே நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டது. சரக், சரக் என்று நூற்றுக்கணக்கான படகுகளில் கீல் சுரண்டும் சத்தம். "கீர்த்திமாறர் ஜெயிச்சிட்டாரு போல," என்றாள் பிச்சம்மாள்.

சற்று நேரத்தில் அரசுப் படகு ஒன்று குறுக்கே வந்து நின்றது. அதில் நன்னெறியார் நின்றிருந்தார். கழுத்தில் புது மாலை.

"மாமன்னர் கீர்த்திமாறர் ஒரே நாளில் நாடு முழுவதும் புதுத் தளம் அளித்துவிட்டார்! குருவம்மா, உன் பலகையைத் திருப்பிவிட்டாயா?"

குருவம்மா பதில் சொல்வதற்குள் அவர் எட்டிப் பார்த்துவிட்டார். புகை படிந்த வெறும் கதவு. அதில் ஒரு பழைய மஞ்சள் கறை.

"முகம் எங்கே?"

"இல்லீங்க."

நன்னெறியார் கதவையே பார்த்தார். பிறகு இந்தக் கரையைப் பார்த்தார். அந்தக் கரையைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல வெளிறியது.

"அடுத்தவரா?"

"என்னங்க?"

"இவருக்கு அப்புறம் வரப்போகிறவரா? இடம் விட்டு வைத்திருக்கிறாயா? உனக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க, நானாத்தான்..."

"புரிகிறது. சொல்லமாட்டாய். சொல்லக்கூடாதுதான்." செருப்பைக் கழற்றிவிட்டு, அடுக்களைக் கதவை நோக்கி இரண்டு கைகளையும் தலைக்குமேல் கூப்பினார். "நன்னெறியார்தான் முதலில் வணங்கினார் என்று அவரிடம் மறக்காமல் சொல்."

அரசுப் படகு விலகிப் போயிற்று. அதன் தளத்திலும் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஒருவன் செம்பால் ஏந்திக்கொண்டிருந்தான்.

"அவரு யாரக் கும்பிட்டுட்டுப் போறாரு மதினி?"

"எனக்கென்ன தெரியும்?" என்று குருவம்மா துடுப்பைப் போட்டாள்.

வடிவு கதவைத் தடவிப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

"அம்மா, இதுக்கு உத்தரவாதம் உண்டா?"

"கிடையாதுடி."

வடிவு இரண்டு கால்களையும் நன்றாக நீட்டிக்கொண்டாள்.