படைக்காத பானகம்

எலப்புள்ளி,
செவ்வாய்க்கிழமை.

சூரியநெல்லியில் மலைக்காற்று வாங்கிச் சுகமாயிருக்கும் பெரியவர் சூசையப்பன் அவர்களுக்கு, கீழ்நாட்டில் தேங்காய்க் குவியலுக்கு நடுவே உட்கார்ந்து, தங்கள் மகள் பின்சி மாடியில் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரன் குப்பண்ணன் கைகூப்பி எழுதிக்கொள்வது. தாங்களும் பிலோமி அம்மாவும் நலமென்று நம்புகிறேன். இங்கே நான் உயிரோடு இருக்கிறேன். வழக்கத்துக்காக இதை எழுதவில்லை. செய்தியே அதுதான்.

நடந்தது இவ்வளவு. போன புதன்கிழமை எங்கள் ஊர் மாரியம்மன் நோன்பில் எனக்கு உடம்பில் சர்க்கரை இறங்கிப் புத்தி தடுமாறிவிட்டது. ஊரே எனக்குச் சாமி வந்துவிட்டதென்று கும்பிட்டுக்கொண்டு நின்றது. தங்கள் மகள், ஆத்தாளுக்குப் படைக்க வைத்திருந்த பானகத்தைப் படைப்பதற்கு முன்பே தூக்கி என் வாயில் ஊற்றிப் பிழைக்க வைத்தாள். அதனால் ஊரில் சலசலப்பு. அந்தச் சலசலப்புக்குப் பயந்து தாங்கள் அவளை நர்ஸ் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடச் சொல்லிவிட்டதாக நேற்றுச் சொன்னாள். அப்படிச் செய்யக்கூடாது என்று கேட்டுக்கொள்ளவே இந்தக் கடிதம். போனில் பேசலாமென்றால் உங்கள் மலையில் பாதிப் பேச்சுதான் வந்து சேருகிறது. முக்கியமான வியாபாரத்தைப் பாதிப் பேச்சில் முடிப்பவன் நானல்ல.

முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் கோயிலில் கம்பம் நட்டு, கையில் காப்புக் கட்டிக்கொண்டால் ஒரு வேளைச் சாப்பாடுதான். பூவோடு, அதாவது தீச்சட்டி, எடுக்கிற அன்றைக்கு அதுவும் கிடையாது, பச்சைத் தண்ணீர்தான். இந்த வருஷம் என் தேங்காய் மண்டி நன்றாக நடந்ததால் பூவோடு எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். எனக்குச் சர்க்கரை வியாதி உண்டென்று தங்களுக்குத் தெரியும். போன முறை தாங்கள் கொண்டுவந்த பலாச்சுளையைத் தொடவிடாமல் தங்கள் மகள் தட்டையே தூக்கிக்கொண்டு போனாளே. மாத்திரையை ஒருநாள்கூட விடக்கூடாதென்று அவள் சொல்லிச் சொல்லி எனக்குப் பாடமாகிவிட்டது. அதனால் அன்று காலையில் குளித்து, ஈர வேட்டி கட்டி, வெறும் வயிற்றில் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டேன். ஆத்தாளுக்குச் சொன்ன சொல்லையும் காப்பாற்றியாயிற்று, பின்சிக்குச் சொன்ன சொல்லையும் காப்பாற்றியாயிற்று என்று மனசுக்குள் பெருமை வேறு. சரக்கு வராத நாளில் மண்டியைக் கழுவிவிட ஆளைக் கூப்பிட்டால் அவன் எதைக் கழுவுவான்? இருந்த சொச்சத்தையும் வழித்துக்கொண்டு போவான். அந்த மாத்திரை அதைத்தான் செய்தது என்று பிற்பாடு விளங்கியது.

கோயில் முன்னால் வேப்பமர நிழலில் நின்றுகொண்டிருந்தேன். பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். கை நடுங்கியது. பக்தி என்று நினைத்தேன். நெஞ்சு படபடத்தது. அதுவும் பக்தி என்றே நினைத்தேன். அதற்குமேல் எனக்கு நினைவில்லை. மற்றவர்கள் சொன்னதைத்தான் எழுதுகிறேன். நான் பல்லைக் கடித்து, கண்ணை உருட்டி, என் வீட்டுக்காரி மயிலாத்தாளைப் பார்த்து "நீ யாரு?" என்று கேட்டிருக்கிறேன். உடனே என் மைத்துனர் மோகனசுந்தரம், கோயில் கமிட்டித் தலைவர் அவர்தான், "அருள் எறங்கீருச்சு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு காலில் விழுந்திருக்கிறார். முப்பது வருஷமாக எனக்கு ஒரு வணக்கம் வைக்காத மனுஷன். எனக்கு நினைவில்லாமல் போன நேரம் பார்த்தா அது நடக்க வேண்டும்?

"ஆத்தா, எங்க மேல என்ன கொறைன்னு சொல்லு தாயி" என்று கேட்டிருக்கிறார்.

"காயெல்லாஞ் சிறுசு. லோடைத் திருப்பு" என்றேனாம்.

மண்டியில் நான் தினமும் சொல்வதுதான். ஆனால் அன்றைக்கு அதை வாக்கு என்று எடுத்துக்கொண்டு கமிட்டியார் கூடிப் பேசி, கிழக்கே போக இருந்த சப்பரத்தை மேற்கே திருப்பிவிட்டார்கள். மேற்கு வீதிக்காரர்கள் எட்டு வருஷமாகக் கேட்டுக் கிடைக்காத காரியம். அவர்கள் எனக்கு மாலை போட்டார்கள். கிழக்கு வீதிக்காரர்கள் முறைத்தார்கள். ஒருவன் தன் பெண்ணுக்கு வரன் எப்போது அமையும் என்று கேட்டதற்கு "நனைஞ்ச சரக்கு, வேண்டாம்" என்று சொல்லிவிட்டேனாம். அவன் இன்னும் என்னோடு பேசவில்லை. அடுத்ததாகப் பூவோட்டை எடுத்து என் கையில் கொடுக்க வந்தார்கள். நெருப்புக் கனன்றுகொண்டிருந்த சட்டி, பெரியவரே. அதை வாங்கிக்கொண்டு நான் இரண்டு எட்டு வைத்திருந்தால் இந்தக் கடிதத்தை என் மகன்தான் எழுதியிருப்பான். அதுவும் கருமாதிப் பத்திரிகையாக இருந்திருக்கும்.

அந்த நேரத்தில்தான் பின்சி டூட்டி முடிந்து அந்த வழியாக வந்திருக்கிறாள். கூட்டத்துக்கு வெளியே நின்று பார்த்தவள், எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, என் கையை மட்டும் பார்த்தாளாம். சாமியாடுகிறவர்கள் பறை அடிக்குத் தக்கபடி ஆடுவார்கள், அங்கிள் கை அடிக்குச் சம்பந்தமில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது என்று பிறகு சொன்னாள். வெயிலில் நின்றவர்கள் வேர்த்தது சரி, நிழலில் நின்றவர்களில் எனக்கு மட்டும் வேர்வை ஓடியிருக்கிறது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து தொட்டுப் பார்த்திருக்கிறாள். உடம்பு தவளை மாதிரி சில்லிட்டிருக்கிறது.

"ஏனம்மணி, சாமி மேல கை வெக்கறயே, போ அக்கட்ட" என்று மோகனசுந்தரம் சத்தம் போட்டார்.

அவரை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மயிலாத்தாளிடம் கேட்டாள்: "அம்மா, அங்கிள் காலைல என்ன சாப்ட்டாங்க?"

"நோன்பில்ல கண்ணு, ஒண்ணுமில்ல."

"மாத்திர?"

"அதப் போட்டுக்கிட்டாரே. நீதான உடக்கூடாதுன்ன."

தங்கள் மகள் தலையில் அடித்துக்கொண்டாள் என்று மயிலாத்தாள் சொல்கிறாள். பிறகு என்னை மரத்தடியில் உட்கார வைத்து, "அங்கிள், உங்க பேரச் சொல்லுங்க" என்றிருக்கிறாள். நான் அவளைக் கெட்ட வார்த்தையில் திட்டினேனாம். அதைத் தாங்கள் மன்னிக்க வேண்டும். அவள் அதற்குச் சந்தோஷப்பட்டாளாம். திட்டுகிறவனுக்கு நினைவு இருக்கிறது, விழுங்கத் தெரியும், வாயில் ஊற்றலாம். மயங்கிக் கிடப்பவன் வாயில் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்பது அவள் கணக்கு. ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்து, நான் ஒழுங்காக விழுங்குவதைப் பார்த்தபிறகு, சுற்றிலும் பார்த்தாள். இனிப்பென்று அங்கே இருந்தது அண்டாவில் கரைத்து வைத்திருந்த வெல்லப் பானகம் ஒன்றுதான். செம்பை விட்டு மொண்டுவிட்டாள்.

"அது ஆத்தாளுக்கு இன்னும் படைக்கலீங்கொ" என்று பூசாரி அலறினார்.

பின்சி திரும்பிப் பார்த்துச் சொன்னாளாம்: "இவங்க மேல வந்திருக்கது ஆத்தாதான? அப்ப ஆத்தாளே குடிக்கட்டும்."

பெரியவரே, கமிட்டியில் படித்தவர்கள் இருக்கிறார்கள், வக்கீல் ஒருத்தர் இருக்கிறார். எல்லோரும் கூடிப் பேச ஆரம்பித்தார்கள். அந்த இடைவெளியில் எனக்கு ஒரு செம்பு பானகம் உள்ளே போய்விட்டது. கொஞ்ச நேரம் பொறுத்து இன்னொரு செம்பு. எனக்குக் கண் தெளிந்தபோது கழுத்தில் மாலை, மடியில் எலுமிச்சம்பழம், எதிரே ஊர் ஜனம், மேலே குனிந்தபடி தங்கள் மகள். "என்ன கூட்டம் இங்க?" என்றேன். ஊர் முகம் தொங்கிப்போனது. சாமி மலையேறும்போது கற்பூரம் காட்டுவார்கள். எனக்கு வாயைத் துடைத்துவிட்டார்கள்.

இத்தோடு முடிந்திருந்தால் நானும் இவ்வளவு நீட்டியிருக்க மாட்டேன். எனக்குச் சுத்தமாகச் சரியாகிவிட்டது. எழுந்து பூவோடு எடுக்கிறேன் என்றேன். பின்சி பையிலிருந்த சர்க்கரை பார்க்கும் மிஷினை எடுத்து விரலில் குத்திப் பார்த்துவிட்டு, "இப்ப ஏறிருக்கு. ஆனா அந்த மாத்திர ஒடம்புலதான் கெடக்கு. மறுபடி எறக்கும். சோறு சாப்டுங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றாள். லோடு இறக்கியாயிற்று, லாரி எதற்கு நிற்க வேண்டும் என்று நான் வாதாடினேன். அவள் என் சட்டையைக் கையில் கொடுத்துவிட்டு ஆட்டோவைக் கூப்பிட்டாள். போகும் வழியெல்லாம் இவள் ஆஸ்பத்திரிக்கு ஆள் பிடிக்கிறாளோ என்றுதான் நினைத்தேன். தப்பாக நினைக்காதீர்கள், வியாபாரி புத்தி அப்படித்தான் ஓடும்.

ஆஸ்பத்திரியில் பொதுவார்டா, தனி ரூமா என்று கேட்டார்கள். தனி ரூமுக்கு ஒரு வாடகை சொன்னார்கள். "சரிங்க" என்றேன். கவுண்டரில் இருந்த பெண் எழுதப் போனாள். பின்சி அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, மறுபடி மிஷினை எடுத்து என் விரலில் குத்தினாள். சர்க்கரை மறுபடி பாதாளத்துக்குப் போயிருந்தது. உடனே படுக்கவைத்து ட்ரிப் ஏற்றினார்கள். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று டாக்டர் கேட்டதற்கு அவள் சொன்னது இது: "அங்கிள் பேரம் பேசல டாக்டர்."

அன்றைக்கு நான் வீட்டில் படுத்திருந்தால் தூங்குகிறேன் என்றே மயிலாத்தாள் போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டிருப்பாள். காலையில் எழுப்பிப் பார்த்திருப்பாள். அவ்வளவுதான். டாக்டர் அந்த மாத்திரையை மாற்றி, சாப்பாட்டோடு சேர்த்துப் போடும்படி எழுதிக்கொடுத்து, அடுத்த நாள் அனுப்பினார். இப்போது கை நடுக்கமில்லை. நேற்று ஒரு லோடுக்குப் பேரம் பேசி ஓட்டுநரை அழவைத்தேன். அந்த அளவுக்குத் தேறிவிட்டேன்.

ஊர் சலசலப்பு என்றேனே, அதுவும் தீர்ந்துவிட்டது. சனிக்கிழமை மோகனசுந்தரம் வீட்டுக்கு வந்தார். படைக்காத பானகத்தைத் தொட்ட பெண்ணை வீட்டில் வைத்திருக்கக்கூடாது, காலி பண்ணச் சொல்லுங்க மாப்ளை என்று வாசலில் நின்றே ஆரம்பித்தார். பின்சி மாடிப்படியில் நின்று முழுவதையும் கேட்டாள். அவர் மூச்சு வாங்க நிறுத்தினபோது கீழே இறங்கிவந்து, "அங்கிள், செருப்பக் கழட்டுங்க" என்றாள். மரியாதைக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக் கழற்றினார். கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினாள். களிமண்ணில் அழுத்தியது போலக் குழி விழுந்து அப்படியே நின்றது.

"படுத்தா மூச்சு முட்டுதா?"

"அது... கேசுங்க, வாயு."

"எத்தன தலகாணி வச்சுப் படுக்கீங்க?"

"மூணு. ஏன்?"

"போன வருசம்?"

அவர் யோசித்தார். "ஒண்ணு" என்றார். அப்புறம் திட்டுவதை விட்டுவிட்டு என் திண்டில் உட்கார்ந்துவிட்டார். இது கேஸ் இல்லை, இருதயத்தைப் பார்க்க வேண்டும், இன்றைக்கே போக வேண்டும் என்று பின்சியே கூட்டிக்கொண்டு போனாள். இருதயம் ரத்தத்தைச் சரியாக இறைக்கவில்லை, நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்று மருந்து கொடுத்திருக்கிறார்கள். இப்போது கால் வீக்கம் வடிந்து, ஒற்றைத் தலையணையில் தூங்குகிறார். வீட்டைக் காலி பண்ணச் சொல்ல வந்தவர், இன்று காலை தன் கொழுந்தியாளையும் கூட்டிக்கொண்டு வந்து மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். அங்கே வரிசை நிற்கிறது. தங்கள் மகள், "நான் டாக்டர் இல்ல, எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று விரட்டுகிறாள். ஆனால் விரட்டுவதற்கு முன்னால் ஒவ்வொருத்தர் முகத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் விரட்டுகிறாள்.

ஆகவே, பெரியவரே, பயப்பட ஒன்றுமில்லை. இந்த ஊர் அவள் பேச்சைக் கேட்கும். நானும் கேட்பேன். அவளை அழைத்துக்கொண்டால் இங்கே இரண்டு குடும்பம் நடுத்தெருவில் நிற்கும். அவளை என் பிள்ளையாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒப்படைத்தீர்கள். அவள் என்னைப் பிள்ளையாகப் பார்த்துக்கொள்கிறாள். தயவுசெய்து அப்படியே இருக்கட்டும்.

தங்கள் மாதாவும் எங்கள் ஆத்தாளும் தங்கள் வீட்டுக்கு ஒரு குறையும் வைக்காதிருக்கட்டும். பிலோமி அம்மாவை விசாரித்ததாக மயிலாத்தாள் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
தங்கள் நலம் கோரும்
குப்பண்ணன்,
தேங்காய் மண்டி, எலப்புள்ளி.

பின்குறிப்பு: கடிதத்தை மடிப்பதற்கு முன் பின்சியிடம் படித்துக் காட்டினேன். அவள் மயிலாத்தாளைப் பார்த்தாள். மயிலாத்தாள் சுவரைப் பார்த்தாள். தாங்கள் அவளை வரச் சொல்லவே இல்லையாம். தங்களுக்கு இந்தச் சங்கதி எதுவுமே தெரியாதாம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள், எனக்கு உண்மையிலேயே கொஞ்சம் அருள் வந்திருக்கலாம் என்று நான் மண்டியில் நாலு பேரிடம் சொன்னதும், அடுத்த வருஷமும் பச்சைத் தண்ணீரோடு பூவோடு எடுக்க ரகசியமாகப் பேர் கொடுத்ததும் மயிலாத்தாள் காதுக்குப் போய்விட்டது. "நாஞ் சொன்னா இந்த மனுசங் கேக்க மாட்டாரு கண்ணு, நீ ஊருக்குப் போறேன்னு சொல்லு" என்று அவள்தான் பின்சிக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். வாழ்நாளெல்லாம் பேரம் பேசியவனை இரண்டு பெண்கள் வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்து விலை பேசிவிட்டார்கள். எனவே மேலே எழுதியது எதற்கும் தாங்கள் பதில் எழுத வேண்டியதில்லை. உறையில் தபால் தலை ஒட்டிவிட்டதால் அனுப்புகிறேன்.

பின்சி போகாமல் இருப்பதற்கு நாங்கள் மூவரும் ஒத்துக்கொண்ட நிபந்தனைகள்: மாடி வாடகை ஏறாது. மாடியில் அவள் கருவாடு வறுக்கலாம். கம்பம் நட்டிருக்கும் நாட்களில் மட்டும் ஜன்னலைச் சாத்திக்கொள்வாள். தட்டில் சோறு விழுந்த பிறகே எனக்கு மாத்திரை. விரதத்தைப் பற்றி டாக்டர் சொல்வதே கடைசி வார்த்தை. அடுத்த வருஷம் நிஜமாகவே ஆத்தா என் மேல் இறங்கினாலும், முதலில் விரலை நீட்டி ஊசி குத்திக்கொண்டு, அளவு பார்த்த பிறகுதான் வாக்குச் சொல்ல வேண்டும்.