எங்கே என்று கேட்கும் வாகனம்

திருநெல்வேலி, வட மாகாணம்,
வியாழக்கிழமை காலை.

அன்புள்ள மருமகன் கோகுலனுக்கு,

மாமா நமசிவாயம் எழுதிக்கொள்வது. நானும் உன் மாமியும் எங்கள் மகள் கஜந்தினியும் நகுலேஸ்வரப் பெருமான் அருளால் உயிரோடு இருக்கிறோம். உன் சுகத்தை உன் தாயார் நாள்தோறும் எங்களுக்கு அறிவித்துவருவதால் அதைத் தனியாக விசாரிக்கவில்லை. தொலைபேசியில் சொல்லக்கூடியதை ஏன் கடிதத்தில் எழுதுகிறேன் என்று நீ யோசிப்பாய். தொலைபேசியில் நான் கதைக்கத் தொடங்கினால் நீ "ஓம் மாமா, ஓம் மாமா" என்று சொல்லிக்கொண்டு வேறு அலுவல் பார்க்கிறாய். கடிதத்துக்கு அப்படி ஓம் போட முடியாது.

நீ கலிபோர்னியாவில் ஆளில்லாமல் ஓடும் காருக்குப் புத்தி சொல்லிக்கொடுக்கும் உத்தியோகம் பார்ப்பதில் எனக்குப் பெருமைதான். நானும் எட்டாம் வகுப்போடு நின்று, புத்தகம் பார்த்து, தண்ணீர் இறைக்கும் மெசினைத் தனியாகத் திருத்தப் பழகியவன். இயந்திரத்தை எதிர்க்கிற ஆள் அல்ல. ஆனால் போன வருடம் நீ வந்து நின்றபோது என் தொலைபேசியில் வாகனம் கூப்பிடும் செயலி ஒன்றை ஏற்றிவிட்டு, "மாமா, இனி லியோனைப் பாத்துக்கொண்டு நிக்கத் தேவையில்லை. இண்டைக்கு இது. நாளைக்கு ட்ரைவரே இல்லாமல் வாசல் படலைக்கு வரும்" என்று சொன்னாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். ஸ்டியரிங் தன்பாட்டில் சுழலும் வீடியோவையும் அனுப்பினாய். உன் மாமி அதைப் பார்த்துவிட்டுத் தொலைபேசிக்குத் திருநீறு பூசினாள்.

லியோனை உனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடமாக எங்களுக்கு ஓட்டோ ஓடுகிறவன். ஒரு நாளாவது என்னை "எங்கை?" என்று கேட்டிருப்பானோ? வெளிக்கிட்டுப் போகிறவனை மறித்து எங்கே என்று கேட்டால் போகிற காரியம் சரிவராது என்பது அவனுக்குத் தெரியும். மாதா கோவிலுக்குப் போகும் வேதக்காரன்தான், ஆனாலும் தெரியும். மிஞ்சினால் "தூரமோ அண்ணை?" என்பான். ஓம் என்றால் பெற்றோல் அடிப்பான். பிறகு ஒவ்வொரு சந்தியிலும் கழுத்தைக் கொஞ்சம் திருப்புவான், நான் கையைக் காட்டுவேன், போய்ச் சேருவோம். போன இடத்திலும் இறங்கி, ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்து, அந்த வீட்டாரோடு நாலு கதை கதைத்து, எங்கள் குடும்பத்தின் பெருமையை எடுத்துச் சொல்லுவான். அவன் மனிதன்.

இனி விடயத்துக்கு வருகிறேன். கஜந்தினிக்கு முப்பத்துநாலு வயது. முந்திப் பேசிய மூன்று சம்பந்தமும் சாதகம் பொருந்தி, நான் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவிட்டு வந்த கையோடு குழம்பின. ஏன் குழம்பின என்பது எனக்குத் தெரியும். முதல் தடவை படலையில் தபால்காரர் "எங்கை ஐயா, சால்வையோடை?" என்று கேட்டார். இரண்டாம் தடவை மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் கம்பஸில் படிக்கும் பெடியன் கேட்டான். மூன்றாம் தடவை கேட்டவள் உன் தாயார், என் கூடப்பிறந்தவள். நாலாவது சம்பந்தம் கீரிமலைப் பக்கம். நல்ல இடம், பெடியன் ஆசிரியர். நேற்றுப் புதன்கிழமை நான் போய்ப் பார்ப்பதாக ஏற்பாடு. கஜந்தினி வங்கிக்கு வெளிக்கிடும்போது செருப்பைக் கொழுவிக்கொண்டே, "அப்பா, இதுவும் குழம்பினால் எனக்கெண்டு இனி ஒருத்தரும் வாகனம் பிடிக்க வேண்டாம்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். சிரித்துக்கொண்டு சொன்னாள்.

லியோன் மடு மாதா திருவிழாவுக்குப் போய்விட்டான். ஆகவே வேறு வழியில்லாமல் ஒன்பதரைக்கு உன் செயலியைத் திறந்தேன். அது வணக்கம் சொல்லவில்லை, சுகம் கேட்கவில்லை. திறந்த வாயாலேயே "எங்கே?" என்றது. உடனே மூடிவிட்டு, முறைப்படி உள்ளே போய், கதிரையில் இருந்து, ஒரு பேணி தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்ப வெளிக்கிட்டேன். எதிர்ப்படும் சகுனம் நல்ல முழுவியளமாக இருக்கட்டும் என்று பக்கத்து வீட்டுப் பெர்னடெட்டை நிறைகுடத்தோடு எதிரே வரும்படி உன் மாமி ஒழுங்குபண்ணியிருந்தாள். பெர்னடெட் வந்தா. செயலியைத் திறந்தேன். "எங்கே?" திரும்பவும் உள்ளே போனேன், இன்னொரு பேணி. பெர்னடெட்டும் திரும்பிப் போய்த் திரும்பி வந்தா. நாலாம் தடவை அவ, "அண்ணை, எனக்கு உதுகளிலை நம்பிக்கை இல்லை, ஆனா குடம் பாரமாக் கிடக்கு" என்று சொல்லிவிட்டா. ஐந்தாம் பேணி குடிக்கும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. பொய்யான இடத்தைச் சொன்னால் அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை என்றுதானே அர்த்தம்? ஆகவே கீரிமலைக்கு நேர் எதிர்த் திசையில் இருக்கும் கொழும்புத்துறையைப் போட்டேன். வழியை வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

வந்தவன் பெயர் றயன். நல்ல சுத்தமான கார், நல்ல சுத்தமான பெடியன். ஏறியிருந்து, "தம்பி, வடக்கை விடும்" என்றேன்.

"ஐயா, கொழும்புத்துறை எண்டெல்லோ போட்டிருக்கிறியள்? அது தெற்கை."

"போட்டது கிடக்கட்டும். நீர் வடக்கை விடும்."

"இவ விடமாட்டா ஐயா. இடப்பக்கம் திரும்பட்டாம்."

"ஆரப்பா இவ?"

இவ என்பது அவனுடைய தொலைபேசிக்குள் இருந்து கதைக்கும் பெண். முகம் தெரியாது, ஊர் தெரியாது, குலம் கோத்திரம் தெரியாது. எழுபத்துமூன்று வயதுக்காரன் பின்னால் இருந்து கை காட்டுகிறேன், அவன் அவ சொன்ன பக்கம் திருப்புகிறான். மருமகன், நீங்கள் அங்கே பெரிய செலவுசெய்து ஓட்டுநரை இல்லாமல் பண்ணுகிறீர்கள். இங்கே எங்களுக்கு அது எப்போதோ வந்துவிட்டது, ஆசனத்தில் ஆளும் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். "அப்ப எங்கை ஐயா போகவேணும், சொல்லுங்கோவன்" என்று அவனும் கேட்டான். நான் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காமலே கொழும்புத்துறை இறங்குதுறையில் போய் நின்றோம். முன்னால் கடல். "வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்று அவ சொன்னா.

"இறங்குங்கோ ஐயா."

"நான் இறங்கமாட்டன்."

"கையிலை கதலிப்பழக் குலையையும் கற்கண்டையும் வைச்சுக்கொண்டு கடலுக்கே ஐயா வந்தனீங்கள்? கலியாண அலுவல் எண்டால் சொல்லுங்கோ, கொண்டுபோய் விடுறன். ஆனா திரும்பப் புக் பண்ணவேணும்."

திரும்பச் செயலியைத் திறந்தால் திரும்ப எங்கே என்று கேட்கும். கேட்டது. பக்கத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒருவரிடம் தண்ணீர் வாங்கி ஆறாவது பேணியையும் குடித்தேன். திரும்பத் திரும்பக் கேட்டும் றயனுக்கு நான் இடம் சொல்லவில்லை. நாற்பது நிமிடம் அப்படியே இருந்தோம். அப்போது கஜந்தினி தொலைபேசி எடுத்தாள்.

"அப்பா, கடற்கரையிலை என்ன செய்யிறியள்?"

"உனக்கு ஆர் சொன்னது?"

"கோகுலன் மச்சான் போகேக்கை உங்கடை போனை என்ரை போனோடை கொழுவிவிட்டவர். காலமை தொடக்கம் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்." வங்கியிலிருந்துதான் கதைத்தாள். "எங்கை போறியள் எண்டு நான் கேக்கேல்லை அப்பா. நானே இஞ்சையிருந்து இடத்தைப் போட்டுவிட்டிட்டன். நீங்கள் சும்மா இருங்கோ, அந்த அண்ணா கொண்டுபோவார்."

சும்மா இருந்தேன். அது எனக்குப் பழக்கமில்லாத வேலை.

மாப்பிள்ளை வீட்டுப் படலையில் கார் நிற்கும்போது பன்னிரண்டு பத்து. புதன்கிழமை பன்னிரண்டுக்கு இராகு காலம் தொடங்குகிறது, ஒன்றரைக்குத்தான் முடிகிறது. நான் இறங்கவில்லை. மாப்பிள்ளையின் தாயார் ஜெயகௌரி படலைக்கு வந்து, "வெய்யிலுக்கை ஏன் இருக்கிறியள், உள்ளுக்கு வாங்கோவன்" என்றா. "ஒண்டரைக்கு இறங்குறன்" என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போய்விட்டா. ஆறு பேணித் தண்ணீரோடு எண்பது நிமிடம் இருந்தேன், கோகுலன். அதற்குமேல் நான் எழுதவில்லை. ஒன்றரை அடித்ததும் இறங்கியவன், கதலிக் குலையை ஜெயகௌரியின் கையில் திணித்துவிட்டு, வணக்கமும் சொல்லாமல், வந்திருந்த பெரியவர்களையும் பாராமல், வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் ஓடினேன். திரும்பி வந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தேநீர் தந்தார்கள், வெள்ளிக்கிழமை முடிவு சொல்வதாகச் சொன்னார்கள். றயனோ காரை விட்டு இறங்கவே இல்லை. போனைப் பார்த்துக்கொண்டு இருந்தான். யாரோ தண்ணீர் வேணுமோ என்று கேட்டதற்கும் தலையை ஆட்டினான். எங்களைப்பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல அங்கே ஓர் ஆள் இல்லை. லியோன் வந்திருந்தால் இப்படி நடந்திருக்குமோ?

இந்தச் சம்பந்தமும் போனதுதான். ஆகவே நான் சொல்வதைக் கவனி. உடனடியாக அந்தச் செயலியை என் தொலைபேசியிலிருந்து கழற்று. அங்கே உனக்கு மேலே இருப்பவர்களுக்கும் சொல், ஆளில்லாத வாகனம் மனிதருக்குச் சரிவராது. அது செத்தவீட்டு ஊர்வலத்துக்கு ஒதுங்கி நிற்குமோ? கோவிலைத் தாண்டும்போது கை எடுக்குமோ? போன வீட்டில் இறங்கி நாலு கதை கதைக்குமோ? கதைக்கத் தெரியாத வாகனத்தில் ஒரு குடும்பத்தின் பெருமை எப்படிப் போய்ச் சேரும்? இதற்கு உன் பதில் எனக்குத் தேவையில்லை, வாகனத்தை நிறுத்தினால் போதும்.

நீ எந்தத் திசைக்கு வெளிக்கிட்டாலும் நல்ல முழுவியளம் எதிரே வரவும், போன காரியம் கைகூடவும் நகுலேஸ்வரர் துணை நிற்கட்டும். உன் தாயாருக்கு என் அன்பைச் சொல். அந்தக் கேள்வியை நான் இன்னும் மறக்கவில்லை என்றும் சொல்.

இப்படிக்கு,
என்றும் மாறாத மாமா,
க. நமசிவாயம்

பிற்குறிப்பு (சனிக்கிழமை): தபாலில் சேர்க்கமுதல் இதையும் எழுதவேண்டியிருக்கிறது. நேற்று ஜெயகௌரி தொலைபேசி எடுத்து, தங்களுக்குச் சம்மதம் என்று சொன்னா. "நானும் இராகு காலத்திலை ஒருத்தரையும் படலைக்கை எடுக்கிறேல்லை. உங்களுக்கு மரியாதைக்குத்தான் கூப்பிட்டனான், நீங்கள் இறங்காதது எனக்குச் சந்தோசம். உங்கடை ட்ரைவரும் வாயே திறக்கேல்லை, அடக்கமான பெடியன்" என்றா. கஜந்தினி இரவு குசினியில் சமைத்துக்கொண்டே பாட்டுப் படித்தாள்.

இன்று காலை லியோன் மடுவிலிருந்து வந்து, வேறு வாகனத்தில் போனதற்காக என்னோடு கோபித்துக்கொண்டு நின்றான். "நான் வந்திருந்தால் வழக்கம்போலை நல்லாச் சொல்லியிருப்பனே அண்ணை" என்றான். என்ன சொல்லுவாய் என்று கேட்டேன். "பிள்ளை தங்கம் எண்டு சொல்லுவன். தேப்பன் பிடிச்ச பிடி விடார், ஆர் சொன்னாலும் கேளார், நாளைக்கு உங்கடை வீட்டுக்கு வந்தாலும் அவர் சொன்னபடிதான் எல்லாம் நடக்கும் எண்டு பெருமையாச் சொல்லுவன்."

"மூண்டு வீட்டிலையும் சொன்னனியோ?"

"மூண்டு வீட்டிலையும் சொன்னனான் அண்ணை. மாதாவாணை ஒண்டும் குறைச்சுச் சொல்லேல்லை."

உன் மாமி உள்ளே போய்விட்டாள். அவளுடைய சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

மேலே எழுதியதில் ஒரு சொல்லையும் நான் மாற்றப்போவதில்லை. எழுதியது எழுதியதுதான். ஆனால் தை மாதம் கலியாணம். உங்கள் ஆளில்லாத வாகனம் ஒன்று அதற்குள் இந்தப் பக்கம் வருமோ என்று விசாரித்துச் சொல். ஒன்றை மட்டும் அதற்குப் படிப்பித்து அனுப்பு. எங்கே என்று கேட்கக்கூடாது. தூரமோ என்று கேட்கட்டும், நான் ஓம் என்று சொல்லுகிறேன். மிச்சத்தைக் கஜந்தினியிடம் கேட்டுக்கொள்ளட்டும்.