கட் சொன்னால் அரூர்

எங்கள் வீட்டில் தமிழைக் காப்பாற்றியே தீருவது என்று போன வியாழக்கிழமை முடிவெடுத்தேன். தமிழுக்கு அங்கே எதிரி என் மனைவி சுகுணா. அவளுக்குத் தெரிந்த ஒரே ஆங்கிலம் 'கட்'. அதை வைத்தே தருமபுரியில் முழுக் குடித்தனமும் நடத்துகிறாள். போனை கட் பண்ணுவாள். கரண்ட் கட் என்பாள். பையன் டியூஷனை கட் அடிப்பான். நான் முடி வெட்டிக்கொண்டு வந்தால் கட்டிங்.

அவள் அண்ணன் வீரமணி இன்னும் ஒரு படி மேல். யார் நிலம் விற்றாலும் நடுவில் புகுந்து ஒரு கட் எடுப்பார். அப்படி எடுத்து எடுத்தே அரூரில் மாடி வீடு எழுப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கிரகப்பிரவேசம். அந்தப் பெருமையைப் பார்க்க நான் வேறு போக வேண்டுமாம்.

"இனி இந்த வூட்ல யாரும் 'கட்'னு சொல்லக் கூடாது," என்றேன்.

"சொன்னா என்னாங்க?"

"நீ மொதல்ல சொன்னா, ஞாயித்துக்கெழம நான் ஃப்ரெண்ட்ஸோட ஒகேனக்கல்ல மீன் தின்னுட்டு இருப்பேன். நான் சொன்னா உங்கண்ணன் வூட்டுக்கு வர்றேன்."

"ஃப்ரெண்ட்ஸ் தமிழுங்களா?"

"அது வேற."

"கரண்டு போனா என்னான்னு சொல்றது?"

"மின்தடை."

"வாயில நொழையலீங்க."

நுழையாது. எனக்குத் தெரியும். அந்த வாயை நம்பித்தான் பந்தயமே கட்டினேன். ஆனால் இரண்டு நாள் அவள் மூச்சுவிடவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பதரை. தலை முதல் கால் வரை சோப்பு. குழாய் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது.

"அடியே, கரண்ட் கட்டா? மோட்டர் போடலியா?" என்று கத்தினேன்.

"ஆமாங்க. சாயந்திரம் அஞ்சு வரைக்கும் வராதாம். முந்தாநேத்தே போன்ல சேதி வந்துச்சு."

"வந்தா சொல்றதில்ல?"

"சொல்லத்தான் வந்தேன். நீங்க சொல்லிக்குடுத்த தமிழ் வார்த்த மறந்துபோச்சு. பழசச் சொன்னா தோத்துருவனே."

கண் எரிந்தது. மானமும் எரிந்தது. "தண்ணியாச்சும் இருக்கா?"

"நாலு பக்கெட் புடிச்சு வெச்சிருக்கங்க. நாளைக்கு எந்த பஸ்சுக்குப் போறது?"

"ஆறரை பஸ்சுக்கு," என்றேன்.

கதவிடுக்கில் ஒரு பக்கெட் உள்ளே வந்தது. கழுத்து வரைக்கும்கூடப் போதவில்லை.

"மீதி மூணு?"

"அண்ணனுக்கு மாலை நீங்கதானே போடறீங்க?"

நான்காவது பக்கெட் வந்து சேர்ந்தபோது, வீரமணி வீட்டுப் பந்தியில் சாம்பார் வாளி என் பொறுப்பு என்று ஆகியிருந்தது.