மூன்று வாரத்துக்கு மாற்று ஆட்டக்காரர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் குணாளன் ஒரு ஷிஃப்ட் சூப்பர்வைசர். நிஜ உத்தியோகம் செல்போனில். வெளிநாட்டுக் கால்பந்து வீரர்கள் பதினைந்து பேரைப் பொறுக்கி அதில் ஒரு கற்பனை அணி வைத்திருந்தான். அவர்கள் நிஜ ஆட்டத்தில் கோல் போட்டால் இவனுக்குப் புள்ளி. கம்பெனியில் பன்னிரண்டு பேர் ஆடிய இந்தப் போட்டியில் இவன்தான் முதலிடம். இன்னும் நான்கே வாரம். கோப்பைக்கு இடம் வேண்டுமென்று ஷோகேஸில் இருந்த மனைவி பானுவின் பொம்மைகளை இப்போதே ஓரங்கட்டிவிட்டான்.

எவனுக்கு முட்டி வலி, எவனுக்குத் தொடைப் பிடிப்பு எல்லாம் அத்துப்படி. கடல் தாண்டி ஒருத்தன் நொண்டினால் இவனுக்கு இங்கே சோறு இறங்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பானு பக்கத்தில் வந்து உட்கார்ந்து விசாரித்ததில் அவனுக்கு ஏகப் பெருமை.

"மாமா, அடிபட்ட ஆளை இன்னா பண்ணுவ?"

"பெஞ்ச்ல உக்கார வெச்சிட்டு மாத்து ஆளை இறக்கணும்."

"கொஞ்சம் வலிதானன்னு ஆட வுட்டா?"

"அப்டி வுடறவன் இன்னா மேனேஜரு? டாக்டர் மூணு வாரம்னா மூணு வாரம். அவசரப்பட்டா ஆளே பூடுவான்."

பானு முந்தானைக்குள்ளிருந்து வலது கையை எடுத்தாள். மணிக்கட்டில் கட்டு.

"நேத்து தண்ணி கேன் தூக்கசொல்ல சுளுக்கிக்கிச்சி. மூணு வாரமாம்."

நேற்றிலிருந்து கட்டோடுதான் இருக்கிறாள், இவன் பார்க்கவேயில்லை. வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டான்.

"உங்கம்மாவைக் கூப்டலாமே?"

"அவங்க வேற டீமு."

குணாளன் அசரவில்லை. மூன்று வாரம் குறையில்லாமல் உழைத்துவிட்டால் நான்காவது வாரம், அந்தக் கடைசி ஆட்டத்துக்கு, யார் வாய் திறக்க முடியும்? இட்லிக்கு அரைத்தான். பழவேற்காட்டு இறாலை உரித்துத் தொக்கு வைத்தான். குக்கரும் போனும் ஒன்றாகக் கூவினால் குக்கர் பக்கம்தான் ஓடினான். வெல்டிங் செக்‌ஷன் ஆதிநாராயணன் புள்ளியில் இவனுக்குச் சமமாக வந்துவிட்டான். கடைசி வாரம் கவனித்துக்கொள்ளலாம் என்று தைரியமாக இருந்தான்.

அந்தச் சனிக்கிழமையும் வந்தது. கட்டு அவிழ்த்த கையில் போனை வைத்துக்கொண்டு பானு சோபாவில் சாய்ந்திருந்தாள்.

"கை சரியாயிடுச்சா?"

"சூப்பரா கீது."

"அப்ப இந்தா, இனி நீ பாத்துக்க," என்று கரண்டியை நீட்டினான்.

பானு எழுந்துபோய் அந்தக் கரண்டியால் தொக்கைத் தொட்டு நாக்கில் வைத்தாள். ஒரு நிமிஷம் கண்ணை மூடி ரசித்தாள். பிறகு கரண்டியை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"இன்னா மாமா நீ, இவ்ளோ ஃபார்ம்ல கீற ஆளை எவனாவது வெளிய உக்கார வெப்பானா?"