ஆறாவது பங்கு

எடை, அளவைக் கருவிகளைச் சரிபார்த்து முத்திரை குத்தும் அலுவலகம் அது. கடைக்காரர்கள் வருடத்துக்கு ஒரு முறை தங்கள் தராசைத் தூக்கிக்கொண்டு வந்து, வரிசையில் நின்று, முத்திரை வாங்கிக்கொண்டு போக வேண்டும். உள்ளறையில், கண்ணாடிப் பெட்டிக்குள், எல்லாத் தராசுகளுக்கும் மேலான ஒரு மூலத் தராசு இருந்தது. பக்கத்தில் வெல்வெட் துணி விரித்துப் பித்தளை எடைக்கற்களைப் படுக்க வைத்திருந்தார்கள். விரல் வியர்வை பட்டால் எடை கூடிவிடும் என்று அவற்றை இடுக்கியால்தான் எடுப்பார்கள். மூச்சுக் காற்று பட்டால் முள் ஆடும் என்று வாயைப் பொத்திக்கொண்டுதான் நிறுப்பார்கள். இத்தகைய தூய பணியில் ஈடுபட்டிருந்த அந்த அலுவலகத்துக்குத் தினமும் மாலை நான்கு மணிக்குப் பசிக்கும்.

முன்பெல்லாம் அப்படிப் பசித்ததில்லை. மேலதிகாரி அம்மா ஒரு பயிற்சி முகாமுக்குப் போய் வந்ததிலிருந்துதான் பசிக்க ஆரம்பித்தது. அங்கே கோட்டு போட்ட ஓர் இளைஞர், "சேர்ந்து தின்பவர்களே சேர்ந்து உழைப்பார்கள்" என்று திரையில் படம் போட்டுக் காட்டினாராம். அவர் எந்த அலுவலகத்திலும் வேலை பார்த்தவர் இல்லை என்பதால் அவர் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள். மறுநாளே பேக்கரியிலிருந்து அட்டைப்பெட்டி வந்து இறங்கியது.

முதலில் பிறந்தநாள்களுக்கு கேக். பிறகு கல்யாண நாள்களுக்கு கிரீம் பன். அப்புறம் ஒருவர் வண்டி வாங்கியதற்கு பப்ஸ், அதே வண்டி ரிப்பேராகித் திரும்பியதற்கு இன்னொரு முறை பப்ஸ். கொண்டாடக் காரணம் எதுவும் மிச்சமில்லை என்று ஆனதும், அதையே ஒரு காரணமாக வைத்துக் கொண்டாடினார்கள்.

எதுவாக இருந்தாலும் அது மூலத் தராசில் நிறுக்கப்பட்டுத்தான் பங்கு பிரிக்கப்படும். "ஊருக்கெல்லாம் சரியா நிறுக்கச் சொல்ற நாம, நமக்குள்ள கண்ணளவுல வெட்டிக்கிட்டா நல்லாவா இருக்கும்?" என்பார் தலைமை எழுத்தர். ஆறு பேர், ஆறு பங்கு, ஒரு துணுக்கு கூடாது, குறையாது. அந்தச் சமயங்களில் மூலத் தராசின் தட்டில் கொஞ்சம் கிரீம் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் வருகிற கடைக்காரர்களின் தராசுகள் எல்லாம் தவறாகக் காட்டுகின்றன என்று திருப்பி அனுப்பப்படும்.

அந்த ஆறு பேரில் ஆறாவது ஆள்தான் நம்முடைய ஆள். முகத்தில் பாதியை மீசையே எடுத்துக்கொண்டிருந்ததால் எல்லோருக்கும் அவர் மீசைதான். பல வருடம் தற்காலிக ஊழியராக உட்கார்ந்து தேய்ந்தவர். அந்த வருடம்தான் அவருடைய நிரந்தர நியமனம், மேலதிகாரி அம்மாவின் பரிந்துரைக்காகக் காத்திருந்தது. அந்தப் பரிந்துரையில் 'வேலைத் திறன்' என்பதற்கு ஒரு வரி இடம். 'சக ஊழியர்களோடு இணங்கிப் போகும் தன்மை' என்பதற்கு அரைப் பக்கம்.

இந்த நேரம் பார்த்து மீசைக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, "வேலை எங்கே, பேக்கரியிலயா?" என்று கேட்டார். பிறகு, "வீட்டுல யாருக்காவது மாரடைப்பு வந்திருக்கா?" என்றார். அண்ணனுக்கு வந்தது என்றார் மீசை. எந்த வயதில் என்று கேட்டு, பதிலையும் மீசையின் வயதையும் ஒப்பிட்டுப் பார்த்த டாக்டர், பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அண்ணன் இப்போது கட்டிலிலிருந்து ஜன்னல் வரை சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார்.

அன்றிலிருந்து வீட்டு வாசலில் மனைவியின் சோதனைச் சாவடி.

"என்னங்க, மீசையில என்ன வாசனை?"

"தராசுக்குப் போடற எண்ணெய்ம்மா."

"தராசுக்கு வெனிலா எசென்ஸா போடறாங்க?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அழுதாள். திட்டியிருந்தால் சமாளித்திருப்பார். அழுததும் மறுநாளே நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தார்.

மறுநாள் நான்கு மணி. தட்டு அவர் முன்னால் வந்தது.

"எனக்கு வேண்டாம்" என்றார் மீசை.

தலைமை எழுத்தர் கத்தியைக் கீழே வைத்தார்.

"உடம்புக்கு என்ன?" என்றார் மேலதிகாரி அம்மா.

"ஒண்ணுமில்லை மேடம். வேண்டாம், அவ்வளவுதான்."

"ஒண்ணுமில்லைன்னா ஏன் வேண்டாம்?"

இந்தக் கேள்விக்கு உலகத்தில் யாரிடமும் பதில் கிடையாது. மீசை டாக்டரைத் துணைக்கு அழைத்தார். "டாக்டர் கொழுப்பு ஜாஸ்தின்னு சொல்றார் மேடம்" என்றார்.

"எனக்கு மட்டும் இல்லையா?" என்றார் தலைமை எழுத்தர், சொத்துக் கணக்கைச் சொல்வதுபோல. "உன்னைவிட ஜாஸ்தி. நான் சாப்பிடலை?"

"எனக்குச் சர்க்கரை முந்நூறு. வாயைக் கட்டிக்கிட்டா உட்கார்ந்திருக்கேன்?" என்றார் தட்டச்சு அக்கா. "ஒரு வாய்தான் தம்பி. எங்களுக்காக."

"இல்லக்கா, வீட்டுல கவலைப்படறாங்க."

"அப்ப நாங்க யாரு? வெளியாளுங்களா?" என்று கேட்டார் அக்கா. அவர் கண் கலங்கிவிட்டது. ஒரு நாள் இடைவெளியில் வீட்டிலும் அலுவலகத்திலும் அழ வைத்த பாவம் மீசையைச் சேர்ந்தது. ஆனாலும் அண்ணன் சுவரைப் பிடித்து நடப்பது நினைவுக்கு வந்ததால் கையை நீட்டவில்லை.

இப்போது நிர்வாகச் சிக்கல் ஒன்று எழுந்தது. ஆறாவது பங்கு தட்டில் இருந்தது. அதற்கு ஆள் இல்லை.

"அஞ்சா வெட்டிக்கலாமே சார்" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

தலைமை எழுத்தர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "நமக்கு அனுமதிச்ச பணியிடம் ஆறு. அதை அஞ்சாக்கத் தலைமையகத்துக்கே இன்னும் தைரியம் வரலை. நீ கத்தியால ஆக்கிடுவியா?"

"அப்ப குப்பையில போட்டுடலாம்."

"மூலத் தராசுல ஏறி இறங்கின பொருள் அது. குப்பைன்னு எப்படிச் சொல்றது?" தலைமை எழுத்தர் கண்ணை மூடி யோசித்தார். "ஒரு சீட்டுக்கு ஆள் இல்லைன்னா என்ன செய்வோம்? பக்கத்து சீட்டுக்குக் கூடுதல் பொறுப்பு. அதேதான் இதுக்கும்."

அப்படியாக, மேற்படி பங்கினை உட்கொள்ளும் கூடுதல் பொறுப்பு, மறு உத்தரவு வரும்வரை, பக்கத்து மேசைக்காரரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் முதலில் சந்தோஷமாகவே ஏற்றுக்கொண்டார். மனிதர் இயல்பாகவே கடமை தவறாதவர்.

மீசையைத்தான் யாரும் கண்டுகொள்ளவில்லை. நான்கு மணிக்கு எல்லோரும் உள்ளறையில் வட்டமாக உட்கார்ந்து சிரிக்கும்போது, அவர் வெளியே கடைக்காரர்களின் தராசுகளோடு உட்கார்ந்திருப்பார். உள்ளே போனால் பேச்சு நின்றுவிடும். "நாங்க எல்லாம் சாகப் போறவங்கப்பா, அவர்தான் நூறு வருஷம் இருக்கப் போறார்" என்று ஒரு குரல் வரும். யாரோ ஒருவர் மீசையின் மேசையில் ஒரு காரட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். வெளியே தனியாக வேலை பார்ப்பதற்கு அவர் வருத்தப்படவில்லை. அந்தச் சிரிப்பில் தான் இல்லாமல் போனதுதான் அவருக்குத் தொண்டையை அடைத்தது. தின்றால் நெஞ்சு அடைக்கும், தின்னாவிட்டால் தொண்டை அடைக்கும் என்று ஆகிவிட்டது அவர் நிலைமை.

சில வாரங்களில் பக்கத்து மேசைக்காரருக்குச் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. அப்புறம் மூச்சு விட முடியவில்லை. மருத்துவ விடுப்பில் போனார்.

அவருடைய சீட்டின் பொறுப்பு, விதிப்படி, அடுத்த சீட்டான தட்டச்சு அக்காவிடம் வந்தது. கோப்புகளோடு அவருடைய பங்கும், அவரிடமிருந்த மீசையின் பங்கும் சேர்ந்து வந்தன. அக்கா மூன்று பங்கையும் பல்லைக் கடித்துக்கொண்டு, அதாவது கேக்கைக் கடித்துக்கொண்டு, ஒரு மாதம் தாங்கினார். பிறகு மயங்கித் தட்டச்சு இயந்திரத்தின் மேல் சாய்ந்தார். அவருடையதோடு சேர்த்து நான்கு பங்கும் அடுத்த சீட்டான எடைக்கல் அறைக் காப்பாளருக்குப் போயின. அவருக்குப் பித்தப்பையில் கல் இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். கற்களுக்குப் பொறுப்பானவர் என்பதால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசியில் ஐந்து பங்கும் தலைமை எழுத்தரின் தட்டுக்கு வந்து சேர்ந்தன. ஒரு நாள் அவர் மீசையைத் தனியே கூப்பிட்டார். நெற்றியில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

"நான் படுத்துட்டேன்னா அடுத்தது யாருன்னு யோசிச்சியா?"

"மேடம்தானே சார்?"

"மேடம் மேற்பார்வை. மேற்பார்வைக்கு ஒரு பங்குதான். கீழ்ப்பதவிக்கான கூடுதல் பொறுப்பு மேல ஏறாது. எல்லாம் உனக்குத்தான் வரும். உன் பங்கு வேண்டாம்னு சொல்ல உனக்கு உரிமை இருக்கு, நான் ஒத்துக்கறேன். ஆனா அடுத்தவங்க பங்கை வேண்டாம்னா அது கடமை தவறின குற்றம். நிரந்தரம் கிடைக்காது. இருக்கிற வேலையும் போயிடும்."

தன் ஒரு பங்கைத் தள்ளிவிடப்போய், ஏறக்குறைய முழு கேக்கும் தன் பக்கம் நகர்ந்து வருவது மீசைக்குத் தெரிந்தது.

நல்லவேளையாக, ஓர் அலுவலகத்தில் இத்தனை பேர் படுத்துவிட்டது தலைமையகத்தின் கவனத்துக்குப் போயிற்று. காரணம் கண்டறிய ஒரு விசாரணை அதிகாரி வந்தார். பருத்த, சோர்ந்த மனிதர். கோட்டின் பொத்தான்களைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். விடுப்பில் இருந்தவர்கள் எல்லோரும் மாத்திரைப் பைகளோடு வரவழைக்கப்பட்டிருந்தார்கள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் மீசையின் பக்கம் திரும்பினார். "சாப்பிட்டவங்க எல்லாரும் படுத்துட்டாங்க. சாப்பிடாத நீங்க நல்லா இருக்கீங்க. இதுலேர்ந்து என்ன தெரியுது? தைரியமா சொல்லுங்க."

மீசை வாயைத் திறப்பதற்குள் மேலதிகாரி அம்மா முந்திக்கொண்டார். "இவர் சுமையையும் சேர்த்து மத்தவங்க சுமந்திருக்காங்கன்னு தெரியுது சார்."

மாத்திரைப் பைகள் எல்லாம் ஆமாம் என்று தலையாட்டின. அதிகாரி மீசையையே கொஞ்ச நேரம் பார்த்தார். மீசை மேலதிகாரி அம்மாவின் பேனாவைப் பார்த்தார். அதிகாரி பெருமூச்சு விட்டார்.

அப்போது மணி நான்கு அடித்தது.

விருந்தினரை முன்னிட்டு அன்று மூன்றடுக்கு சாக்லேட் கேக். அதிகாரிக்காக ஏழாவது பங்கு ஒன்று, தற்காலிகப் பணியிடம் என்ற அடிப்படையில், உருவாக்கப்பட்டது. தலைமை எழுத்தர் நிறுத்து, முதல் தட்டை அதிகாரியிடம் நீட்டினார்.

"எனக்கு வேண்டாமே" என்றார் அதிகாரி மெதுவாக.

"உடம்புக்கு என்ன சார்?" என்று மேலதிகாரி அம்மா கேட்டார். அதிகாரி மீசையைத்தான் பார்த்தார்.

இதோ, வேண்டாம் என்று சொல்ல இன்னொரு மனிதர். 'வேண்டாம்னா விட்டுடுங்களேன்' என்று தான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இனித் தனியாள் இல்லை. மீசை வாயைத் திறந்தார். அதற்குள் தலைமை எழுத்தர் அவர் காதோரம் குனிந்தார். "தற்காலிகப் பணியிடம் காலியானா, நிரந்தரம் ஆகாத ஊழியருக்குத்தான் கூடுதல் பொறுப்பு. நீதான்" என்றார். எதிரே மேலதிகாரி அம்மா, பரிந்துரை எழுத வேண்டிய பேனாவைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

மீசை எழுந்தார். தட்டை வாங்கினார். இரண்டு கையாலும் அதை அதிகாரியின் முன்னால் நீட்டினார்.

"ஒரு வாய்தான் சார்" என்றார். "எங்களுக்காக."

அறையே ஆரவாரித்தது. "நம்ம மீசையா இது!" என்று அக்கா கை தட்டினார். பக்கத்து மேசைக்காரர் விடுப்பில் இருப்பதையும் மறந்து எழுந்து வந்து அவர் தோளில் கை போட்டார். அந்தக் கை தோளில் விழுந்து எத்தனை நாளாகிவிட்டது! அதிகாரி தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட ஆரம்பித்தார். "அப்ப நீயும் எடு" என்று மீசையின் கையிலும் ஒரு தட்டைத் திணித்தார்கள். எடுத்தார். கேக் நன்றாக இருந்தது. அவருக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அந்தச் சந்தோஷத்தை நினைத்துக் கேவலமாகவும் இருந்தது.

பங்குகள் அனைத்தும் உரிய நபர்களால் உட்கொள்ளப்பட்டன. மேற்கண்ட நோய்களுக்குக் குடிநீரே காரணம் என்றும், தண்ணீர் கேனை உடனடியாக மாற்ற வேண்டும் என்றும் அதிகாரி உதட்டைத் துடைத்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். மேலதிகாரி அம்மா அங்கேயே உட்கார்ந்து அந்த அரைப் பக்கத்தையும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டார். இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினார்.

அதிகாரியை வழியனுப்ப மீசைதான் கீழே போனார். அவசரத்தில் இரண்டாவது துண்டையும் யாரோ மீசையின் வாயில் ஊட்டி அனுப்பியிருந்தார்கள். மாடிப்படியில் அதிகாரிக்கு மூச்சு வாங்கியது. பாதிப் படியில் நின்று, கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்.

"தலைமையகத்துல எங்களுக்குப் பதினோரு மணிக்கும் உண்டு, நாலு மணிக்கும் உண்டு" என்றார். "நாங்க நானூறு பேர். ஒருத்தர்கூட இதுவரைக்கும் வேண்டாம்னு சொன்னதில்லை. இங்க ஒருத்தர் சொல்றார்னு கேள்விப்பட்டேன். இந்த விசாரணைக்கு வேற ஆளைத்தான் போட்டிருந்தாங்க. நான் கெஞ்சிக் கேட்டு வாங்கிட்டு வந்தேன், எப்படிச் சொல்றதுன்னு உங்ககிட்ட கத்துக்கிட்டுப் போகலாம்னு."

மீசை பதில் சொல்லப் பார்த்தார். வாய் நிறைய கேக் இருந்தது.